முப்பத்தெட்டாவது மணி

ஏணியில் நின்றபடி ஆர்டிஸ் பெட்ரோல் தொட்டிக்குள் அளவுகோலை விட்டாள். வெளியே எடுத்துப் பார்த்தாள். கால்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள். இரண்டாவது தடவையும் கோலின் சரிபாதி வரை ஈரம்.

பாதித் தொட்டி பெட்ரோல் மிச்சமிருந்தால் யாருக்கும் சந்தோஷம்தான். ஆர்டிஸுக்கு இல்லை. கூட்டுறவுச் சங்கத்துக்குப் போன் போட்டு பெட்ரோல் லாரியை வரச் சொல்வதற்கு முன்னால், அடியில் கொஞ்சமாவது கிடக்கிறதா என்று பார்க்கத்தான் ஏறினாள். இருநூறு காலன் தொட்டி அது. அவள் புருஷன் வெர்லின் தன் எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்த அன்று அவளே கூட நின்று விளிம்பு வரை நிரப்பினாள். எஞ்சின் மணிக்கு ஐந்து காலன் குடிக்கும். அதையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவளே அளந்து பார்த்திருக்கிறாள். நேற்று வரை முப்பத்தெட்டு மணி நேரம் ஓடியதாக நோட்டில் வெர்லின் எழுதியிருந்தான். அப்படியானால் தொட்டியின் அடித்தளம் தெரிய வேண்டும்.

இருபது மணி நேரம் ஓடியிருக்கிறது, மிச்சம் பதினெட்டு பென்சிலில் ஓடியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு வாத்தியார் யாரும் தேவையில்லை.

அவள் ஏணியிலிருந்து இறங்கி, உறைந்த பனியில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். விஸ்கான்சின் பிப்ரவரியில் அப்படி நிற்பது புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியமல்ல. மூக்கு நுனி மரத்தது. அந்த எஞ்சினை வெர்லின் ஓட்டப்போவதில்லை, அவள்தான் ஓட்டப்போகிறாள். அவர்கள் கட்டுகிற விமானத்தில் எஞ்சின் பின்பக்கம். உட்கார்ந்தால் முதுகுக்கு ஓரடி தள்ளி. அது நின்றுபோனால் கீழே மரமும் ஏரியும்தான், ஏரியும் வருஷத்தில் பாதி நாள் உறைந்து கிடக்கும்.

விமானம் என்று சொல்கிற அளவுக்கு இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை. போன இலையுதிர் காலத்தில் லாரியில் நுரைப் பலகைகளும் கண்ணாடி இழைத் துணிச் சுருள்களும் எபாக்சிப் பசை டின்களும் வந்து கார் ஷெட்டில் இறங்கின. நுரையை அறுத்து, மேலே துணி போர்த்தி, பசை ஊற்றிக் காயவைத்தால் விமானம். சொல்வதற்கு அவ்வளவுதான். ஆர்டிஸ் பன்னிரண்டு வருஷமாக ஊர் ஓரத்துப் படகுத் தொழிற்சாலையில் இதே வேலையைச் செய்கிறவள். அந்த மிதப்பில் முதல் பயிற்சித் துண்டை அரை நாளில் போட்டு முடித்தாள். தராசில் வைத்தால், வரைபடத்தில் சொன்ன எடையைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. படகுக்காரி கை. பசையைத் தாராளமாக ஊற்றினால் படகுக்கு நல்லது, விமானத்துக்கு அது வீண் பாரம். "பயிற்சித் துண்டுதானே, யாரு பாக்கப் போறா" என்று வெர்லின் சொன்னான். அவள் கேட்கவில்லை. அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது துண்டுதான் சரியாக வந்தது.

வெர்லினுக்கு டிராக்டரும் பால் கறக்கும் எந்திரமும் பழுதுபார்க்கிற தொழில். மலை மாதிரி ஆள். ஆனால் ஆகாயத்துக்கும் அவனுக்கும் ஆகாது. கேலார்டின் விமானத்தில் ஒரே ஒரு தடவை ஏறினான், ஏரியைத் தாண்டுவதற்குள் தன் தொப்பியிலேயே வாந்தி எடுத்தான். கேலார்டு ஸ்டென்பெர்க் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் சங்கத்தில், மற்றவர்களின் வேலையைச் சோதித்துப் பார்த்துச் சொல்கிற பொறுப்பு அவருடையது. தொப்பிக் கதையை அவர் ஊர் பூராவும் பரப்பிவிட்டார். அதிலிருந்து வெர்லின் தரையில் நின்றுகொள்வது, ஆர்டிஸ் பறப்பது என்று ஆயிற்று. விமானத்தின் உடம்பு அவளுடையது, எஞ்சின் அவனுடையது. அடிபட்ட ஜப்பான் கார் ஒன்றிலிருந்து எஞ்சினைக் கழற்றி, விமானத்தை உந்துகிற விசிறியைச் சுழற்ற பெல்ட்டும் சக்கரமும் தானே செய்து, ஓட்டை டிரெய்லர் ஒன்றில் அதைப் பொருத்திவைத்தான்.

சங்கக் கூட்டத்தில் கேலார்டு விடவில்லை. "ரோட்டுல நின்னா ஓரம் கட்டலாம். மேகத்துல எங்கடா ஓரம் கட்டுவா உன் பொண்டாட்டி?" என்றார். காபிக் கோப்பையும் சாஸேஜுமாக உட்கார்ந்திருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். வெர்லினின் கழுத்து சிவந்தது. "நாப்பது மணி நேரம் ஓட்டிக் காட்டுறேன். அப்புறம் பேசுங்க," என்றான்.

அந்த நாற்பது மணி அந்தச் சங்கத்தின் கறாரான விதி. கார் எஞ்சினைப் பறக்கவிட நினைக்கிறவன் அதை முதலில் தரையில் நாற்பது மணி நேரம் ஓட்ட வேண்டும். இடையில் தானாக நின்றால், நோட்டில் அதுவரை எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யாரும் பக்கத்தில் வந்து காவல் நிற்க மாட்டார்கள். அவரவர் நோட்டு, அவரவர் கையெழுத்து. பொய் எழுதுகிறவன் தன் உயிரைத்தானே பணயம் வைக்கிறான், எழுதிக்கொள்ளட்டும் என்பது அவர்கள் நினைப்பு. கட்டுகிறவன் ஒருவன், பறக்கிறவள் வேறொருத்தி என்று ஒரு வீடு வரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஆர்டிஸ் ஷெட்டுக்குள் போனபோது இரண்டு ஹீட்டரும் சீறிக்கொண்டிருந்தன. வெர்லின் தெர்மாமீட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வா வா. சூடு ஏறிடுச்சு, பசை போடலாம். லாரிக்காரன்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"ரெண்டு மணி நேரத்துக்குக் கேன்ல இருக்கறது போதும், விடு. ரெண்டு மணிக்குக் கேலார்டு வரட்டும். கடைசி ரெண்டு மணி நேரத்த அவரு மூக்குக்கு முன்னாடி ஓட்டி, நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுத்தான் விடுவேன்."

சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. இதற்கு முன்னால் எத்தனை தடவை இப்படிப் பார்க்காமல் பேசினானோ, அவள்தான் கவனிக்கவில்லை. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அந்தச் சனிக்கிழமை வேலை எஞ்சினைத் தாங்குகிற நான்கு அலுமினியக் கட்டைகளை ஒட்டுவது. ஆள் உட்காருகிற கூட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர். கட்டைகள் அந்தச் சுவரில் பசையோடு உட்கார்ந்து, மேலே துணி போர்த்தியபின், அசைக்க முடியாது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் கட்டைகளின் இடம் வேறு. அதனால் மேஜையில், கட்டைகளை இடம் பிசகாமல் பிடிக்கிற இரண்டு அச்சுப் பலகைகள் இருந்தன. ஒன்று வெர்லின் தன் எஞ்சினுக்காக அறுத்து இழைத்து, நான்கு கட்டைகளையும் போல்ட் போட்டு மாட்டியது. மற்றது அதே மாதிரி நான்கு கட்டைகளோடு கேலார்டு கொடுத்தனுப்பியது. அவர் கொட்டகையில் பயிற்சி விமானம் ஒன்றின் எஞ்சின் இருந்தது. காகிதமெல்லாம் சுத்தம், கொஞ்சம் பழசு, வேகம் கம்மி. "சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்பேன். ஞாயித்துக்கிழமை அத வாங்கிட்டுப் போக மினசோட்டாக்காரன் பிக்கப் எடுத்துட்டு வந்துடுவான்," என்று சொல்லியிருந்தார். எந்தப் பலகை சுவரில் ஏறுகிறதோ அந்த எஞ்சின்தான். கேலார்டின் பலகை வந்த நாளிலிருந்து அதன் மேல் வெர்லின் காபி டம்ளரைத்தான் வைத்துக்கொண்டிருந்தான்.

ஆர்டிஸ் தராசில் காகிதக் கோப்பையை வைத்துப் பசையையும் கெட்டியாக்கும் திரவத்தையும் எடை பார்த்து ஊற்றினாள். குச்சியால் கலக்கினாள். கலந்துவிட்டால் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். பத்து நிமிஷத்துக்குள் தடவவில்லையென்றால் கோப்பையிலேயே கொதித்துப் புகைந்துவிடும்.

"வெர்லின்."

"ம்?"

"ஒரு தடவகூட நிக்கலையா?"

"எது?"

"உன் எஞ்சின்."

"ஒரு தடவகூட நிக்கல." தன் பலகையை எடுத்து விளிம்பைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "நோட்டத்தான் பாக்கறியே."

அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள். கேட்காமலே அவன் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அவன் வாயைப் பிடுங்கி வாங்குகிற உண்மை வேண்டாம், அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவன் அவளிடம் பொய் சொன்னதே இல்லை என்றில்லை. மீன் பிடித்த கதை, சிகரெட் விட்ட கதை, எல்லாம் உண்டு. அவளைக் கொல்லக்கூடிய பொய் எதுவும் இதுவரை இருந்ததில்லை.

ஐந்து நிமிஷம் போயிற்று. ஏழு போயிற்று.

"பசை சூடாகுது ஆர்டிஸ். தடவு."

"தொட்டியில பாதி இருக்கு," என்றாள்.

வெர்லின் துடைப்பதை நிறுத்தினான். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மெக்கானிக் வாய், சும்மா இருக்குமா?

"கார்புரேட்டர சரி பண்ணேன்ல? இப்ப கம்மியாத்தான் குடிக்குது. மூணு, மூணரை..."

"போன ஞாயித்துக்கிழமை நான் அளந்தேன். அஞ்சு."

"கோல் தப்பா இருக்கும். பழைய கோலு."

"ரெண்டு தடவ விட்டுப் பாத்தேன்."

"குளுருக்குப் பெட்ரோலு..."

"வெர்லின்!"

கோப்பை கையைச் சுட்டது. விளிம்பில் மெல்லிய புகை கிளம்பியது. ஆர்டிஸ் கதவை உதைத்துத் திறந்து அதை வெளியே வீசினாள். பனியில் புஸ்ஸென்று விழுந்து புகைந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, புதுக் கோப்பையைத் தராசில் வைத்தாள். ஆனால் எதையும் ஊற்றவில்லை.

"இன்னொன்னு கலக்கப் போறேன். அது சூடாகறதுக்குள்ள எந்தப் பலகைன்னு எனக்குத் தெரியணும். பூசி மொழுகாத."

வெர்லின் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய ஆள் அந்தச் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது.

"இருபதாவது மணியில," என்றான். "பெல்ட்டுல பல்லு பிச்சுக்கிச்சு. எஞ்சின் நல்லாத்தான் ஓடுது, விசிறி மட்டும் சும்மா நிக்குது. எஞ்சின் போடுற கத்தல் இருக்கே, அப்பா! ஓடிப் போய் அணைச்சேன்."

"அப்புறம்?"

"புது பெல்ட் போட்டேன். சக்கரத்த ஒரு நூல் நகத்தினேன். அதுதான் கோணலா இருந்துச்சு. இப்ப சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சுன்னா பூஜ்யத்துலேருந்து ஓட்ட வேண்டியதுதானே?"

வெர்லின் கையிலிருந்த துணியை மடித்தான்.

"நான் என் துண்ட அறுத்துப் போட்டப்ப நீ இங்கதான நின்ன? அது வெறும் பயிற்சித் துண்டு."

"எவ்வளவு பேரு சிரிச்சாங்க தெரியும்ல?" என்றான். "நுரை நீ அறுத்த. பசை நீ போட்ட. பறக்கப்போறதும் நீ. நான் தொப்பியில வாந்தி எடுத்தவன். இந்த விமானத்துல என்னோடதுன்னு இருக்கறது அந்த எஞ்சின் ஒண்ணுதான் ஆர்டிஸ்."

"அதுக்கு ஓட்டியிருக்கணும். எழுதியிருக்க."

"ஓட்டலாம்னுதான் நெனச்சேன். தினமும் காலையில நீ வேலைக்குப் போனதும் போய் நிப்பேன். சாவியில கை வைப்பேன்."

"வச்சு?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்?"

"மறுபடி நின்னுட்டா?"

ஆர்டிஸ் காலிக் கோப்பையைத் தராசில் நேராக நகர்த்தி வைத்தாள்.

"தரையில," என்றாள். "டிரெய்லர்ல போல்ட் போட்டு நிக்குது. பக்கத்துல காபி குடிச்சுட்டு நிக்கலாம். அங்கயே அத ஓட்டப் பயந்திருக்க."

"ஆர்டிஸ்..."

"அத என் முதுகுல மாட்டி அனுப்பப் பாத்த."

"நீ பறக்கறதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிடுவேன்னு... இன்னிக்கு ரெண்டு மணி நேரம் மட்டும் தாங்கிடுச்சுன்னா..."

"மேல எனக்கு மூணு மணி நேரம் வேணும்னா?"

வெர்லின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. போய்த் தோளில் கை வைக்கலாம். வைத்தால் இந்தக் கோபம் அங்கேயே மழுங்கிவிடும், கேலார்டு வருவதற்குள் அவனுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்துவிடுவாள். தன்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் வைக்கவில்லை. பசையை ஊற்றிக் கலக்க ஆரம்பித்தாள்.

அவன் தலையைத் தூக்கினான். "அதான் சொல்லிட்டேன்ல? இப்பவே நோட்ட அடிச்சுடறேன். பூஜ்யத்துலேருந்து ஓட்டறேன். நீயே கூட நில்லு. நாப்பது என்ன, எண்பது மணி நேரம் ஓட்டறேன்."

"சொன்ன. சொன்னதுனால நாம ராத்திரி ஒரே மேஜையில சாப்பிடலாம்." கலக்கியபடியே பேசினாள். "ஆனா நீ உண்மை சொன்னா பெல்ட்டு பிச்சுக்காதுன்னு இல்ல. அந்தக் காபி டம்ளர எடு."

"எது?"

"கேலார்டோட பலகை மேல இருக்கே, அது."

வெர்லின் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. டம்ளரை எடுத்து ஜன்னலில் வைத்தான். பலகையில் டம்ளர் வட்டமாகக் கறை படிந்திருந்தது. அவள் நான்கு கட்டைகளின் அடியிலும் பசையைத் தடவினாள். பலகையைத் தூக்கிச் சுவரில் வரைந்த கோட்டில் வைத்து, மட்டம் பார்த்து, ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்த்தினாள்.

"பிடி. நழுவக் கூடாது. நல்லா அழுத்து."

அவன் வந்து பிடித்தான். பிடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கையுறை மாட்டிய இரண்டு பெரிய கைகளையும் விரித்து, வேறொருவரின் எஞ்சினுக்கான பலகையைத் தன் முழு பலத்தோடும் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றான். இந்தக் குளிருக்குப் பசை இறுக முக்கால் மணி நேரமாவது ஆகும்.

இரண்டு மணிக்கு வருகிறேன் என்ற கேலார்டு ஒன்றரைக்கே வந்தார். கேலார்டுக்கு அதுதான் பழக்கம், எல்லார் வீட்டிலும் அரை மணி முன்னால் மூக்கை நுழைப்பார். பூட்ஸில் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர், சுவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், வெர்லினின் முதுகைப் பார்த்தார்.

"ஏய், அது என்னோட பலகைல்ல?" சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. "என்னடா வெர்லின், கடைசியில புத்தி வந்துடுச்சா? நோட்டு எங்க?"

நோட்டு டிரெய்லர் சாவியோடு ஆணியில் தொங்கியது. அவரே எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். பக்கம் புரளப் புரள அவர் முகத்தில் கேலி குறைந்தது.

"முப்பத்தெட்டு. ஒரு கோடுகூட அடிக்கல." நிமிர்ந்தார். "அட, நான் உன்ன தப்பா எடை போட்டுட்டேன். இவ்வளவு நல்லா ஓடுற எஞ்சின வச்சுக்கிட்டு என்னோட பழசுக்கு ஏன்டா கட்டை ஒட்டுற?"

வெர்லினால் திரும்ப முடியாது. கையை எடுத்தால் பலகை நழுவிவிடும். அவன் பிடரி சிவப்பதை ஆர்டிஸ் பார்த்தாள்.

சொல்வதற்கு அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. முழுப் பொய்யும் இல்லை. கார் எஞ்சினுக்குத் தண்ணீர், ரேடியேட்டர், பெல்ட் எல்லாம் சேர்ந்து பின்பக்கம் பாரம் அதிகம், விமானத்தின் மூக்கை நீட்ட வேண்டியிருக்கும், அதனால் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கேலார்டு தலையாட்டுவார், பாரம் என்று சொன்னால் போதும் அவருக்கு. வெர்லினின் நோட்டு சுத்தமாக ஆணியில் தொங்கும். அடுத்த கூட்டத்தில் அவனைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு வாக்கியம்தான். புருஷனுக்காக அதைச் சொல்லாத பொம்பிளை உண்டா?

அவள் வாயைத் திறந்தாள். "பாரம்..."

"இருபதாவது மணியில நின்னு போச்சு," என்றான் வெர்லின் சுவரைப் பார்த்தபடி. "மிச்சம் பதினெட்டும் நானா எழுதினது."

கேலார்டு நோட்டை மூடினார். அவர் அவனைப் பார்க்காமல் ஆர்டிஸைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுக்கு உடம்பு கூசியது.

"இவ உசுர வச்சா?" என்றார் கடைசியில், மெதுவாக.

வெர்லின் பலகையை இன்னும் அழுத்தினான். அவனுக்கு முட்டுக் கொடுக்க ஆர்டிஸிடம் அப்போது ஒரு வார்த்தையும் இல்லை. அவன் பொய் சொல்லாமல் விட்டானே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது உண்மை. கேலார்டு கேட்டதும் உண்மை. கேலார்டு நோட்டை ஆணியில் மாட்டாமல் மேஜையில் வைத்துவிட்டு, "நாளைக்கு வர வேணாம்னு மினசோட்டாக்காரனுக்குச் சொல்லிடறேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஷெட்டில் இரண்டு பேரும் ஹீட்டரும் மட்டும். வெர்லினின் தோள்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பலகை அசையவில்லை.

"கைய எடுக்கலாமா?" என்றான்.

ஆர்டிஸ் குனிந்து, கட்டையின் ஓரத்தில் பிதுங்கியிருந்த பசையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நகம் உள்ளே பதிந்தது.

"இன்னும் இல்ல," என்றாள்.